மூன்றாம் பேஸுக்குப் பின்னால் போட்ட கதிரைகள்

ஒரு மடக்குக் கதிரையை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்று யாரோ முடிவெடுத்ததற்காக, தன் பேத்தி விளையாடுவதைப் பார்க்க வராமல் ஒருவர் இருந்துவிடுவாரா? என் அப்பா இருந்தார். ஏன் என்று அவரிடமும் கேட்டிருக்கிறேன், என்னிடமும் கேட்டிருக்கிறேன். கதிரையா காரணம், முடிவெடுத்த விதமா, அல்லது அதை அவருக்கு நான் அறிவித்த வார்த்தைகளா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மகள் பேஸ்போல் விளையாடுகிறாள் என்றால் ஊஸ்டரில் இருக்கும் எங்கள் ஆட்கள் முதலில் கண்ணைச் சுருக்குவார்கள். சுவிஸ் பிள்ளைகளுக்கே அது அதிகம் தெரியாத விளையாட்டு. பாடசாலை விடுமுறையில் பக்கத்து ஊர் விளையாட்டுச் சங்கம் ஒன்று அதை இலவசமாகப் பழக்கியது. நான் நீச்சல் வகுப்பைத்தான் நினைத்திருந்தேன். அவள் அங்கே போய்விட்டு வந்து, தோல் கையுறையைக் கழற்றாமலே இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாள். பந்து கல்லைப் போல இருந்தது. அன்றே இணையத்தில் தேடிப் பல்லுக் காப்பு வாங்கிவிட்டேன். முதல் ஆட்டத்துக்கு நான் கொண்டுபோன பையில் ஐஸ் பொதி, வெயில் பூச்சு, கட்டுத்துணி, மாற்று உடுப்பு எல்லாம் இருந்தன. "நாங்கள் அகதியாப் போறமோ?" என்று கணவர் கேட்டார்.

அந்த ஆட்டத்துக்கு அப்பாவும் வந்தார். இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பல வருடம் நின்றுவிட்டு, ஓய்வு பெற்றதும் எங்களுக்குப் பக்கத்தில் வீடு எடுத்து வந்தவர். அவருக்கும் அவருடைய மூன்று சிநேகிதர்களுக்கும் ஒரு காலத்தில் கோடையில் கிரிக்கெட் அணி இருந்தது. முழங்கால்கள் ஒவ்வொன்றாக மறுக்க, அணி கலைந்தது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ரயில் நிலைய வாங்கில் உட்கார்ந்திருப்பார்கள். மகளின் ஆட்டத்தை ஒரு முறை பார்த்த அப்பா, அடுத்த முறை மூவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். நாலு மடக்குக் கதிரை, ஒரு பெரிய தேநீர்க் குடுவை, ஒரு பெட்டி நிறையப் பொரித்த ரோல்ஸ். மூன்றாம் பேஸுக்கு, அதாவது ஓடுபவர் தொட வேண்டிய மூன்றாவது மூலைக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே, ஒரு மரத்தின் நிழல் விழும் இடத்தில் உட்கார்ந்தார்கள். நிழல் நகர நகரக் கதிரைகளும் நகர்ந்தன.

மகள் நிற்பதும் மூன்றாம் பேஸில்தான். அவளுக்கு முதுகுப் பக்கம் நாலு பேரின் கதை ஓடிக்கொண்டே இருக்கும்.

"பிள்ளை, கொஞ்சம் குனிஞ்சு நில்."

"அவள் குனிஞ்சுதான் நிக்கிறாள். நீ கண்ணாடியைத் துடை."

"மச்சான், இந்தப் பொடியன் இடக்கையன். பார், அங்காலைதான் அடிப்பான்."

"நீ எங்கட டீமிலை நிண்ட காலத்திலை ஒரு பந்து பிடிச்சனியோ? இப்ப கோச்சர் மாதிரிக் கதைக்கிறாய்."

மகள் திரும்பிப் பார்க்கமாட்டாள். ஆனால் தோள்கள் சிரிப்பில் குலுங்கும்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. பேஸ்போலில் மட்டையில் பட்ட பந்து முன்னால், இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே போனால்தான் அது அடி. பின்னாலோ பக்கத்திலோ பறந்தால் அது வீண் பந்து, அடித்தவருக்குத்தான் நட்டம். கிரிக்கெட்டில் வளர்ந்த நாலு பேருக்கு இது உள்ளே இறங்கவே இல்லை. பந்து பிடிப்பவரின் தலைக்கு மேலால் பின்பக்கம் பறந்து சோளத் தோட்டத்தில் விழுந்தால், நாலு பேரும் எழும்பிக் கைதட்டி, "ஃபோர்!" என்று கத்துவார்கள். எந்த அணியின் பிள்ளை அடித்தாலும் கத்துவார்கள். பிறகு அவர்களில் ஒருவர் நடந்துபோய்ப் பந்தை எடுத்து வந்து நடுவரிடம் கொடுப்பார். நான் பலமுறை விளக்கினேன். "ஓமோம், விளங்குது" என்று அப்பா தலையாட்டுவார். அடுத்த பந்துக்கே எழும்புவார்.

அங்கே வந்த சில முதிய சுவிஸ்காரர்களும் மெல்ல மெல்ல அந்த மரத்தடிக்குக் கதிரையை நகர்த்தினார்கள். நாய் ஒன்றுடன் வரும் ஒரு தம்பதி ரோல்ஸுக்கு அடிமையாகிவிட்டார்கள். இவ்வளவு சிறிய சங்கத்துக்கு இத்தனை பேர் வருவது அதுவரை இல்லாத விஷயம் என்று பயிற்சியாளர் சொன்னார்.

அந்தக் குளிர்காலத்தில் சங்கத்தின் வருடாந்தக் கூட்டம் நடந்தது. நிர்வாகக் குழுவில் ஓர் இடம் காலி, யார் வருகிறீர்கள் என்று தலைவர் கேட்டார். எல்லோரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். எனக்கு அப்படியான அமைதியைத் தாங்க முடியாது. பாடசாலையிலும் இப்படித்தான், யாரும் கை உயர்த்தாவிட்டால் நான் உயர்த்திவிடுவேன். பார்வையாளர்களுக்குப் பொறுப்பானவள் ஆனேன். மடியில் தூங்கிக்கொண்டிருந்த என் கைக்குழந்தை மகனைப் பார்த்து, இதற்கெல்லாம் உனக்கு நேரம் இருக்கிறதா என்று அப்போதே என்னை நானே கேட்டேன்.

வசந்தத்தில் ஒரு முறைப்பாடு வந்தது. எதிரணியின் பயிற்சியாளர் எழுதியிருந்தார்: உங்கள் பார்வையாளர் சிலர் பிள்ளைகள் பந்தைத் தவறாக அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்று கேலியாகக் கைதட்டுகிறார்கள். என் அணியில் மட்டை பிடித்த பிள்ளை அழுதுவிட்டாள். கூட்டத்தில் நான் விளக்கத்தான் செய்தேன். ஆனால் எப்படி? "அவர்களுக்கு இன்னும் விதிகள் சரியாகத் தெரியாது" என்று நல்ல ஜெர்மனில், பணிவாகச் சொன்னேன். கிரிக்கெட்டில் பின்னால் போகும் பந்துக்கு ஓட்டம் உண்டு என்று சொல்லத் தொடங்கினால் நேரம் எடுக்குமே, எல்லோரும் வேலை முடிந்து களைத்து வந்திருக்கிறார்களே என்று விட்டுவிட்டேன்.

தலைவர் நல்ல மனிதர். அவர் முகத்தில் கோபமே இல்லை. மைதானத்தின் மறு எல்லையில் புதிதாகப் பார்வையாளர் மேடை ஒன்று போட்டிருந்தார்கள். அலுமினியப் படிகள், பளபளவென்று. "எல்லோரும் அங்கே உட்காரட்டும்" என்றார். "விதிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். கோட்டருகே சொந்தக் கதிரை வேண்டாம், கயிறு கட்டிவிடுவோம். பார்க்கவும் ஒரு உண்மையான விளையாட்டரங்கு மாதிரி இருக்கும். இன்னும் அதிகம் பேர் வருவார்கள்." எனக்கும் அது சரியாகவே பட்டது. மூன்றாம் பேஸ் பக்கம் வரும் வேகப் பந்துகளைப் பார்த்து, தள்ளுவண்டியில் இருக்கும் மகனுக்காக நான் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுங்கியிருந்தேன். கை உயர்த்தினேன்.

அறிவிக்க வேண்டியதும் நான்தான். அப்பாவும் சிநேகிதர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்குத் தமிழில் எழுதினேன். நான் இரண்டு வயதில் இங்கே வந்தவள். என் எழுத்துத் தமிழ் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் படித்தது. "அன்புடையீர், மைதான ஒழுங்கு விதிகளுக்கு அமைய, பார்வையாளர்கள் யாவரும் ஒதுக்கப்பட்ட மேடையில் அமர்ந்து ஒத்துழைப்பு நல்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்." பிழை இருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்தேன். பிழை இல்லை.

அப்பா உடனே தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, இது ஆருக்கு எழுதினது?"

"உங்களுக்குத்தான் அப்பா. எல்லாருக்கும்."

"செத்த வீட்டு நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு. நான் உன்ரை அப்பன். 'அப்பா, அங்கை இருக்கச் சொல்லுகினம்' எண்டு சொன்னா நான் இருக்கமாட்டனோ?"

அடுத்த ஆட்டத்துக்கு வந்தார்கள். கதிரைகளைக் காரிலேயே விட்டுவிட்டு மேடையில் ஏறினார்கள். வெயில் நேரே முகத்தில் அடித்தது. அங்கிருந்து பார்த்தால் பிள்ளைகள் விரல் அளவு. மகள் எங்கோ தூரத்தில், எங்களுக்கு முகம் காட்டிக்கொண்டு நின்றாள், ஆனால் முகம் தெரியவில்லை. ஒரு பந்து பின்னால் பறந்தது. நாலு பேரும் அசையவில்லை. ஒருவர் விதித்தாளை விசிறியாக ஆட்டிக்கொண்டிருந்தார். ஆட்டம் பாதியில் அப்பா எழும்பினார். "நாங்கள் வாறம் பிள்ளை," என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு காரணம். முழங்கால். கோவிலில் பூசை. டிவியில் கிரிக்கெட். நாய்த் தம்பதியும் வரவில்லை, காரணமும் சொல்லவில்லை. பளபளக்கும் மேடையில் நானும் இன்னும் சில பெற்றோரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தலைவர் நடுவில் வந்து எண்ணுவதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்.

மகள் ஒரு நாள் காரில் கேட்டாள்: "அம்மா, அம்மப்பாவுக்கு என்னிலை கோவமோ?"

"இல்லையம்மா. அவருக்கு முழங்கால் நோ."

"கிரிக்கெட் பாக்க முழங்கால் தேவையில்லை. பேஸ்போல் பாக்க மட்டும் தேவையோ?" கார் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "என்ரை பின்னாலை இப்ப ஆரும் கதைக்கினமில்லை. அடுத்த வருசம் நான் நீச்சலுக்குப் போறன்."

நான் முதலில் ஆசைப்பட்டது அதைத்தானே? ஆனால் அந்த வார்த்தை என் நெஞ்சில் கல்லாக விழுந்தது. அப்பாவிடம் போய், "பிள்ளைக்காக வாங்கோ" என்று கெஞ்சலாம். வருவார். மேடையில் உட்கார்ந்து விசிறிவிட்டு எழும்புவார். அதையா அவள் கேட்கிறாள்? நிர்வாகக் குழுவிடம் போய் முடிவை மாற்றச் சொல்லலாம். என் சொந்தத் தகப்பனுக்காகக் கேட்கிறேன் என்று நினைக்கமாட்டார்களா? இரண்டையும் மாறி மாறி யோசித்தேன், ஒன்றையும் செய்யவில்லை.

செய்தது சோளம்தான். வசந்தத்தில் முழங்கால் உயரம் இருந்த சோளம் கோடை விடுமுறை முடிய ஆளை மறைக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. விடுமுறைக்குப் பின் முதல் ஆட்டத்தில் வீண் பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள் போய் விழுந்தன. யாரும் எழும்பிப் போகவில்லை, மேடை மறுபக்கம் இருந்தது. ஆட்டம் சூடாகிக்கொண்டிருந்த வேளையில் நடுவர் கையை விரித்தார். பந்துப் பெட்டி காலி. பந்து இல்லாமல் ஆட்டம் இல்லை.

பெற்றோர் எல்லோரும் சோளத்துக்குள் இறங்கினோம். ஒரு தாய், "இங்கே பாம்பு இருக்குமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தலைவர் வெள்ளைச் சட்டையுடன் உள்ளே போய், கைகளெல்லாம் சோள இலை கீறிய கோடுகளுடன், ஒரேயொரு பந்துடன் வெளியே வந்தார்.

"முன்பெல்லாம் இப்படி நடக்கவில்லையே. யார் பந்து எடுத்தது?"

"என் அப்பா," என்றேன். "அவருடைய சிநேகிதர்களும். கைதட்டிவிட்டு யாராவது ஒருவர் போவார்."

"கைதட்டிவிட்டா?"

அங்கேயே, சோளத்தின் ஓரத்தில் நின்று, கூட்டத்தில் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். கிரிக்கெட்டில் அந்தப் பந்து நாலு ஓட்டம். அவர்கள் கேலி செய்யவில்லை, நல்ல அடி என்று பாராட்டினார்கள். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த பந்தைப் பார்த்தார். "உன் அப்பாவைச் சந்திக்க நேரம் குறித்து ஒரு டெர்மின் கிடைக்குமா?" என்றார்.

அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். "வீட்டுக்கு வாறதுக்கு என்னத்துக்கு டெர்மின்? நான் என்ன பல் டொக்டரோ? வரச் சொல்லு."

தலைவர் குறித்த நேரத்துக்கு, கையில் ஒரு பூச்செடியுடன் வந்தார். மொழிபெயர்க்க நான் நடுவில் உட்கார்ந்தேன். தேநீரும் வடையும் வந்தன.

"எங்களுக்கு அது கேலி என்று தோன்றியது. கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை," என்றார் அவர்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "குழந்தைப் பிள்ளையளை ஆரும் நக்கலடிப்பினமோ? என்ன மனுசர் இவை? உவையின்ரை மேடையிலை கோழிகூட இருக்காது, வெயிலிலை பொரிஞ்சு போகும் எண்டு சொல்லு."

"அப்பா அப்படி நினைக்கவே இல்லையாம். மேடையில் கொஞ்சம் வெயில் அதிகமாம்," என்றேன்.

தலைவர் புன்னகைத்தார். "உன் அப்பா சொன்னது இதைவிட நீளமாக இருந்ததே."

கோழியைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். தன் தாயும் ஒரு முறை வந்து உட்கார்ந்து அதையேதான் சொன்னார், கோழிக்குப் பதில் சீஸ் என்று சொன்னார் என்றார். அதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா வடைத் தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

அதன் பிறகு எனக்கு வேலை அதிகம் இருக்கவில்லை. அப்பா சீனிப் போத்தலை விக்கெட்டாக வைத்து, கரண்டியால் ஒரு வடைத் துண்டைப் பின்பக்கம் தட்டிக் காட்டினார். தலைவர் இரண்டு கரண்டிகளைக் கோடுகளாக வைத்து, இதற்கு வெளியே போனால் செல்லாது என்றார்.

"ஏன் செல்லாது? அடிச்சது அடிச்சதுதானே?"

"விதி அப்படி."

"பிழையான விதி. அரைவாசி மைதானத்தைச் சும்மா விட்டிருக்கிறியள்."

அந்த வாக்குவாதம் வடை முடியும்வரை நடந்தது. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. போகும்போது தலைவர், "ஞாயிறு கதிரையையும் கொண்டு வாருங்கள்," என்றார். அப்பா என்னைப் பார்க்காமலே, தன் உடைந்த ஜெர்மனில், "நிழல் எங்கேயோ அங்கேதான் போடுவோம்," என்றார்.

குழுக் கூட்டத்தில் கயிறு போயிற்று. மூன்றாம் பேஸ் பக்கம் ஒரு பாதுகாப்பு வலை போடுவது என்று முடிவானது. வலையைக் கேட்டவள் நான், மகனின் தள்ளுவண்டிக்காக.

அந்த ஞாயிறு வருவார்களா என்று எனக்கு நிச்சயமில்லை. மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. வராவிட்டால் இரண்டாம் முறையும் அவள் ஏமாறக்கூடாதே. ஆட்டம் தொடங்க முன் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் கேட்டது:

"மச்சான், வலை போட்டிருக்கிறாங்கள். எங்களை மிருகக்காட்சிச் சாலையிலை வச்ச மாதிரிக் கிடக்கு."

"ஆர் உள்ளுக்கை, ஆர் வெளியிலை எண்டு பாத்துச் சொல்லு."

நான் உடனே திரும்பவில்லை. மிச்சப் போத்தல்களையும் அடுக்கி முடித்தேன். மகள் மூன்றாம் பேஸுக்கு ஓடிவந்தாள். கதிரைகளைக் கண்டதும் ஓட்டத்தை நிறுத்தினாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோலக் குனிந்து நின்றாள்.

"முழங்கால் சுகமோ அம்மப்பா?" என்றாள், திரும்பாமல்.

"உன்ரை வாய் சுகமாத்தான் இருக்கு. பந்தைப் பார்," என்றார் அப்பா.

மகளின் அணி அன்று தோற்றது. காரில் மகள் நீச்சலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. வசந்தத்துக்குக் கையுறை சிறிதாகிவிடும், புதியது வேண்டும் என்றாள். சில வாரங்களில் நாய்த் தம்பதியும் திரும்பினார்கள். அப்பாவின் சிநேகிதர்களில் ஒருவர் மட்டும் இடையில் வேறு ஊரில் பேரனின் உதைபந்தாட்டத்துக்குப் போகப் பழகிவிட்டார், வரவில்லை. மற்றவர்கள் அவரைத் துரோகி என்று அழைத்தாலும், அவருக்கான ரோல்ஸை எடுத்து வைக்கிறார்கள்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுதி நிறுத்தவே விருப்பம். ஆனால் சென்ற வாரம் தலைவர் மிகுந்த மகிழ்ச்சியுடன் ஒரு யோசனை சொன்னார். அடுத்த பருவத்திலிருந்து அப்பாவையும் சிநேகிதர்களையும் சங்கத்தின் அதிகாரபூர்வப் பந்து சேகரிப்பாளர்கள் ஆக்க வேண்டுமாம். மஞ்சள் மேலங்கி, யார் எந்த ஞாயிறு என்று ஒரு முறைப்பட்டியல், வருட முடிவில் நன்றி விருந்து. அவர் இதை மரியாதையாக நினைக்கிறார், அது மரியாதைதான். அப்பாவிடம் நான் சொல்ல வேண்டுமாம்.

தாங்களாக எழும்பிப் போய் எடுத்த பந்தை, பட்டியலில் பெயர் இருப்பதால் எடுக்கச் சொன்னால் அவர்கள் வருவார்களா? அல்லது இவ்வளவு காலம் இந்த நாட்டில் சமையலறைகளுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு, எல்லோரும் பார்க்க ஒரு மேலங்கி கிடைப்பதை என் பயத்தால் நான் தடுக்கிறேனா? மாசியில் கூட்டம். அதற்கு முன் நான் பதில் சொல்ல வேண்டும். இதை வாசிக்கிறவர்களில் பெற்றோருக்கும் ஒரு சங்கத்துக்கும் நடுவில் நின்றவர்கள் இருப்பீர்கள். நீங்களாக இருந்தால் அப்பாவிடம் கேட்பீர்களா, கேட்காமலே தலைவரிடம் வேண்டாம் என்பீர்களா? கேட்பதென்றால் எந்த வார்த்தைகளில் கேட்பீர்கள்? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.